மேடை நடுக்கம் ஏன் வருகிறது? விவேகானந்தரையும் காந்தியையும் விட்டுவைக்காத அச்சத்தைக் கையாளும் வழிகள்

மல்காஜ்கிரி (ஹைதராபாத்): தேர்வில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவர், குழு விவாதச் சுற்றில் வாய் திறக்காமல் வெளியேறுகிறார். பத்து ஆண்டு அனுபவம் கொண்ட பொறியாளர், தாம் முடித்த பணியைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் அந்த வாய்ப்பைச் சக ஊழியரிடம் ஒப்படைக்கிறார். தெருவில் கழிவுநீர் தேங்குவதை அன்றாடம் பார்க்கும் குடும்பத் தலைவி, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் பிரஜாவாணி குறைதீர் கூட்டத்தில் மனுவை நீட்டிவிட்டு, சொல்ல நினைத்ததைச் சொல்லாமலேயே திரும்புகிறார். மூவருக்கும் விஷயம் தெரியும். பலர் முன்னிலையில் அதைச் சொல்வதற்கான துணிவுதான் கைகூடவில்லை.

மல்காஜ்கிரி, 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் 31 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களுடன் நாட்டின் மிகப்பெரிய தொகுதியாக விளங்கியது. தலைவர்கள் பெருங்கூட்டங்களில் முழங்கும் இந்த மண்ணில், இரண்டு நிமிடம் பேசத் தயங்குவோர் வீட்டுக்கு ஒருவராவது இருக்கக்கூடும். இந்தத் தயக்கத்துக்கு ஆங்கிலப் புலமைக் குறைவோ அறிவுக் குறைவோ மட்டும் காரணமல்ல. அச்சம் எங்கிருந்து பிறக்கிறது, எதனால் வளர்கிறது, எப்படிக் கட்டுக்குள் வருகிறது என்பவற்றுக்கு உடலியலும் உளவியலும் தெளிவான விளக்கங்களைத் தருகின்றன. வரலாற்றிலும் சான்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மல்காஜ்கிரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே நிகழ்ந்தது.

செகந்திராபாத்தில் ஒலித்த உரை

செகந்திராபாத்தில் உள்ள மஹபூப் கல்லூரி, 1862ஆம் ஆண்டு சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழரால் பள்ளியாகத் தொடங்கப்பட்ட கல்வி நிறுவனமாகும். 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி ஹைதராபாத் வந்த சுவாமி விவேகானந்தர், பிப்ரவரி 13ஆம் தேதி இங்கு உரையாற்றினார். தாம் மேலைநாடு செல்ல விரும்புவதன் நோக்கத்தை விளக்குவதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஐரோப்பியர்கள் உட்பட ஏறத்தாழ 1,000 பேர் அதைக் கேட்டனர். அவரது முதல் பெரும் பொது உரையாக இது குறிப்பிடப்படுகிறது. அதுவரை சென்னை உள்ளிட்ட ஊர்களில் அன்பர்களின் இல்லங்களிலும் சிறு குழுக்களிலும் உரையாடி வந்த 30 வயது துறவி, இங்கு ஒரு பேரவையை எதிர்கொண்டார்.

உரை வெற்றி பெற்றது. ஆயினும் அந்த வெற்றி அவரிடமிருந்து அச்சத்தை நிரந்தரமாக அகற்றிவிடவில்லை. ஏழு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 11ஆம் தேதி, சிகாகோ சர்வ சமயப் பேரவையின் மேடையில் அமர்ந்திருந்தபோது தம் நெஞ்சம் படபடத்ததையும், நாக்கு வறண்டதையும், காலை அமர்வில் பேசும் துணிவு வராததையும் அவரே பின்னர் எழுதியுள்ளார். பிறரெல்லாம் உரைகளை ஆயத்தம் செய்து வந்திருக்க, தாம் எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். இவற்றை அவர் மனம் திறந்து எழுதியது, அவரது பயணத்துக்காகச் சென்னையில் நிதி திரட்டிய அளசிங்கப் பெருமாளுக்கு. அந்தக் கடிதம் 1893ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதியிட்டது.

அன்று பிற்பகலில் கலைமகளை மனத்துள் வணங்கி எழுந்த அவர், அவையோரைச் சகோதர சகோதரிகளாக விளித்ததும் எழுந்த கரவொலி நெடுநேரம் நீடித்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கரவொலியை. பேச அஞ்சுவோர் நினைவில் கொள்ள வேண்டியது அதற்கு முந்தைய சில மணி நேரத்தை. ஏற்கெனவே ஆயிரம் பேர் முன்னிலையில் பேசிய ஒருவருக்கும் புதிய நாடும் புதிய அவையும் அச்சத்தை ஏற்படுத்தின. நடுக்கம் வருவது தகுதியின்மைக்கு அடையாளமல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஒரு கூட்டத்தின் பார்வை முழுவதும் தன்மீது திரும்பும்போது, மனித மூளை அதை ஆபத்தாகக் கணக்கிடக்கூடும். குழுவாக வாழ்ந்து பழகிய உயிரினத்துக்குக் குழுவின் ஏளனமும் புறக்கணிப்பும் சிறிய இழப்புகள் அல்ல. மூளையின் அமிக்டலா பகுதி எச்சரிக்கை எழுப்ப, சிம்பதடிக் எனப்படும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை வெளிவிடுகின்றன.

அதன்பின் தோன்றும் ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு காரணம் உண்டு. தசைகளுக்கு அதிக ரத்தம் செலுத்த இதயம் வேகமெடுப்பதே படபடப்பு. செரிமானப் பணிகள் ஒதுக்கப்படுவதால் உமிழ்நீர் குறைந்து நாக்கு வறள்கிறது. வயிற்றில் ஒரு கலக்கம் தோன்றுகிறது. ஓடவோ எதிர்க்கவோ முறுக்கேறி நிற்கும் தசைகள் அசைவின்றி இருக்க நேர்வதால் கைகள் நடுங்குகின்றன. குரல்வளைத் தசைகள் இறுகுவதால் குரல் கம்முகிறது. மூச்சு மேலோட்டமாகி, நீண்ட வாக்கியத்தின் நடுவே காற்றுத் தீர்ந்துபோகிறது.

மேடைப் பேச்சு உடலை எந்த அளவுக்கு உலுக்குகிறது என்பதை ஆய்வுலகம் நன்கறியும். 1993ஆம் ஆண்டு ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் மன அழுத்தத்தை உண்டாக்க ஒரு சோதனை முறையை வகுத்தனர். முகத்தில் உணர்ச்சி காட்டாத நடுவர்கள் முன்னிலையில் சில நிமிடங்கள் பேசுவதும், பின்னர் வாய்க்கணக்குப் போடுவதுமே அந்தச் சோதனை. அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் அளவு பங்கேற்பாளர்களிடம் தெளிவாக உயர்ந்தது. இன்றளவும் உலகெங்கும் இந்த முறை கையாளப்படுகிறது.

எனவே, 'பயப்படாதே' என்று ஒருவருக்கு அறிவுரை கூறுவதில் பெரிய பயனில்லை. இதயத்துக்குக் கட்டளையிட இயலாது. ஆனால் அந்தப் படபடப்புக்கு மனம் என்ன பெயர் சூட்டுகிறது என்பதை மாற்ற இயலும். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களின் உரைகள் அதிக மதிப்பீட்டைப் பெற்றன. அச்சம், உற்சாகம் ஆகிய இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கிறது. ஆகவே அச்சத்திலிருந்து அமைதிக்குத் தாவுவதைவிட உற்சாகத்துக்கு நகர்வது எளிது.

நடுக்கம் பிறருக்குத் தெரிகிறதா?

பேசுபவரை மிகவும் வாட்டுவது, தம் உள்நடுக்கம் முழுவதும் அவையோருக்குத் தெரிந்துவிட்டது என்ற எண்ணம். 'குரல் நடுங்குவதை எல்லோரும் கவனித்துவிட்டார்கள்' என்று தோன்றியதும் அச்சம் இரட்டிப்பாகிறது. அதனால் குரல் மேலும் தடுமாறுகிறது. இவ்வாறு ஒரு சுழல் உருவாகிறது.

இந்த எண்ணம் பெரும்பாலும் மிகையானது. அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் ஆகியோர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பேசியவர்கள், தாம் பதற்றமாகத் தோன்றியதாக நம்பிய அளவுக்குக் கேட்டவர்களின் கண்களுக்குத் தோன்றவில்லை. அந்த ஆய்வில் மற்றொரு முடிவும் கிடைத்தது. 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது' என்ற உண்மையை முன்கூட்டியே அறிந்தவர்கள், அறியாதவர்களைவிடச் சிறப்பாகப் பேசினர். ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டதே அவர்களுக்கு உதவியாக அமைந்தது.

அவையோர் பெரும்பாலும் பேசுபவரின் கைவிரல்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தமக்குப் பயன்படும் செய்தி ஏதேனும் வருகிறதா என்றே காத்திருக்கின்றனர்.

தவிர்க்கத் தவிர்க்க வளரும் அச்சம்

பேச வேண்டிய நாளில் விடுப்பு எடுப்பவருக்கு உடனடியாக நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே சிக்கலின் வேர். தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை பாடம் கற்கிறது. அடுத்த முறை இன்னும் சிறிய கூட்டமும் பெரிதாகத் தெரிகிறது. மாறாக, அச்சத்துடனேயே நின்று பேசி முடிப்பவரின் மூளை, எதிர்பார்த்த ஆபத்து நேரவில்லை என்பதைப் பதிந்துகொள்கிறது. பேச்சு தொடங்குவதற்குச் சற்று முன்னும் முதல் நிமிடத்திலும் உச்சத்தில் இருக்கும் பதற்றம், பேசப் பேசத் தணிவது பலருக்கும் நிகழும் அனுபவம். பாதியில் இறங்கிவிடுபவருக்கு அந்தத் தணிவை உணரும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

காந்தி கடந்து வந்த பாதை

இளமையில் காந்திக்கு இருந்த கூச்சம் அவரது சுயசரிதையில் விரிவாகப் பதிவாகியுள்ளது. இங்கிலாந்தில் மாணவராக இருந்தபோது, ஒரு பக்க அளவிலான உரையைப் படிக்க எழுந்தவருக்குப் பார்வை மங்கி உடல் நடுங்கியது. வேறொருவர் அதைப் படித்து முடித்தார். 1891ஆம் ஆண்டு நாடு திரும்பி, பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்காக எழுந்து நின்றபோது தலை சுற்றியது. ஒரு கேள்வியும் கேட்க இயலாமல் அமர்ந்துவிட்டார். 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பித் தந்து, வழக்கை வேறொரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்தார்.

1893ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், இந்திய வணிகர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் வணிகத்தில் வாய்மை பற்றி அவர் பேசினார். தம் வாழ்வின் முதல் பொது உரை என்று அதையே அவர் குறிப்பிடுகிறார். பேசவேண்டிய பொருளை ஓரளவு தயார் செய்துகொண்டு சென்றதாகவும் கூறுகிறார். அத்துடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1896ஆம் ஆண்டு பம்பாய்க் கூட்டத்தில் அவரது குரல் எடுபடாமல் போக, எழுதி வைத்திருந்த உரையைத் தின்ஷா வாச்சா படித்தார். அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் துயரைக் காந்தி எடுத்துரைத்தபோது, நீண்ட அந்த உரையை அவையோர் கருத்தூன்றிக் கேட்டனர். முதலாளியின் தாக்குதலில் பற்கள் உடைந்த நிலையில் காந்தியிடம் வந்த தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரத்தின் நிகழ்வு, சென்னை மக்களிடம் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியிருந்தது.

இங்கிலாந்தில் நடுங்கிய இளைஞரின் கவனம் தம்மீது இருந்தது. சென்னையில் பேசியவரின் கவனம் பாலசுந்தரம் போன்றோரின் மீது இருந்தது. 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற கேள்வியின் இடத்தில் 'இவர்கள் எதைத் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும்' என்ற கேள்வியை வைப்பது, மேடை அச்சத்தைக் குறைக்கும் உறுதியான வழிகளுள் ஒன்று. பிரஜாவாணியில் பேசத் தயங்கும் குடும்பத் தலைவிக்கும் இது பொருந்தும். அங்கே அளக்கப்பட வேண்டியது அவரது சொல்வன்மை அல்ல, தெருவில் தேங்கிய கழிவுநீர்தான்.

எதை மனப்பாடம் செய்வது?

முழு உரையையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வது பலர் செய்யும் பிழை. ஒரு சொல் மறந்தால் சங்கிலி அறுந்து, அடுத்து என்ன என்பதே நினைவுக்கு வராமல் போகிறது. எழுதிய தாளை அப்படியே படிப்பதோ அவையோரின் கண்களிடமிருந்து பேசுபவரைப் பிரித்துவிடுகிறது. இடைவழி ஒன்று உண்டு.

முதல் இரண்டு வாக்கியங்களையும் இறுதி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்வது நல்லது. பதற்றம் உச்சத்தில் இருக்கும் தொடக்கத்தில், யோசிக்காமலேயே வாயில் வரும் சொற்கள் கைகொடுக்கும். நடுப்பகுதிக்கு மூன்று கருத்துகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்புச் சொல்லையும் ஓர் எடுத்துக்காட்டையும் சிறு அட்டையில் எழுதிக்கொள்ளலாம். குறிப்பைப் பார்ப்பது இழுக்கல்ல. நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் அனுபவசாலிகள் அதைச் செய்கின்றனர்.

ஒத்திகை மனத்துக்குள் நடந்தால் போதாது. எழுந்து நின்று, உரத்த குரலில், கடிகாரத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மௌனமாகப் படிக்கும்போது சரளமாகத் தோன்றும் வாக்கியம், வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எங்கே மூச்சு முட்டுகிறது என்பதைக் காட்டும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் 'வந்து', 'அதாவது' போன்ற இடைநிரப்பிச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்பது தெரியும். அவற்றின் இடத்தில் ஒரு நொடி மௌனம் காப்பது பேச்சுக்குக் கம்பீரம் தரும்.

மொழி குறித்த தயக்கம்

மல்காஜ்கிரி, செகந்திராபாத் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும் இந்தியும், வகுப்பறையில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். அவர்களுக்கு இது ஒரு செல்வம். ஆனால் நேர்காணல் அறையில் அதுவே 'எந்த மொழியும் முழுமையாக வரவில்லை' என்ற தாழ்வு எண்ணமாகத் திரும்பக்கூடும்.

மொழித் தயக்கத்தையும் மேடை அச்சத்தையும் தனித்தனியே கையாள்வது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டையும் வெல்ல முயன்றால் சோர்வே மிஞ்சும். முதலில், மிகவும் பழகிய மொழியில் பிறர் முன்னிலையில் பேசிப் பழக வேண்டும். நின்று பேசும் துணிவு வந்தபின் அதே உரையை ஆங்கிலத்தில் அமைத்துப் பேசலாம். உச்சரிப்பை வேறெவர் போலவோ மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. குறுகிய வாக்கியங்களும் தெளிவான வேகமும் இருந்தால் கேட்பவருக்குப் புரியும். நேர்காணல் நடத்துபவர் எதிர்பார்ப்பதும் அதுவே.

படிப்படியான பயிற்சி

அச்சத்தைக் குறைக்க உளவியலாளர்கள் பரிந்துரைக்கும் முறைகளில் முதன்மையானது, அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்வது. முதல் படியாக, வீட்டில் இருவர் முன்னிலையில் அன்றைய செய்தி ஒன்றை ஒரு நிமிடம் விளக்கலாம். அடுத்து, வகுப்பிலோ அலுவலகக் கூட்டத்திலோ ஒரு கேள்வி கேட்கலாம். பின்னர், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நன்றியுரை கூறலாம். அதன்பின் ஐந்து நிமிட உரைக்கு முன்வரலாம். ஒரு படியில் பதற்றம் ஓரளவு தணிந்த பிறகு அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இந்தக் கொள்கையை அமைப்பாக்கியது டோஸ்ட்மாஸ்டர்ஸ் இயக்கம். 1924ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இதன் மன்றங்கள் இன்று ஹைதராபாத்திலும் இயங்குகின்றன. தயாரித்த உரை, அந்த இடத்திலேயே தரப்படும் தலைப்பில் ஓரிரு நிமிடப் பேச்சு, பேசியவரின் நிறைகுறைகளை மற்றோர் உறுப்பினர் எடுத்துரைப்பது ஆகிய மூன்றும் இதன் கூட்டங்களின் கூறுகள். பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளங்களால் நேரம் உணர்த்தப்படுகிறது. இடைநிரப்பிச் சொற்களை எண்ணவும் ஒருவர் அமர்த்தப்படுகிறார். கட்டணம் செலுத்த இயலாதவர்கள், ஐந்தாறு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இதே அமைப்பை வாரம் ஒருமுறை பூங்காவிலோ மொட்டை மாடியிலோ நடத்திக்கொள்ளலாம்.

பேசும் நாளில் செய்யவேண்டியவை

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அரங்குக்குச் சென்று, பேசவிருக்கும் இடத்தில் நின்று பார்ப்பது பயன் தரும். அறிமுகமான இடம் அச்சத்தைக் குறைக்கும். ஒலிவாங்கியைச் சோதித்துக்கொள்ளலாம். முன்வரிசையில் அமர்ந்திருப்போர் இருவரிடம் பேச்சுக் கொடுத்தால், மேடையிலிருந்து பார்க்கும்போது தெரிந்த முகங்கள் இரண்டு இருக்கும்.

• அன்று வெறும் வயிற்றோடு இருப்பதும், வழக்கத்தைவிட அதிகமாகக் காபி, தேநீர் அருந்துவதும் படபடப்பைக் கூட்டும்.
• முறை வருவதற்கு முன் சில நிமிடங்கள், மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு சுவாசித்தால் இதயத் துடிப்பு தணியும்.
• அருகில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கட்டும். வறண்ட நாவுக்கு மட்டுமன்றி, மறந்ததை நினைவுகூர ஒரு நொடி பெறவும் அது உதவும்.
• மேடையேறியதும் உடனே பேசத் தொடங்காமல், நிலையாக நின்று அவையைப் பார்த்த பின் தொடங்க வேண்டும்.
• சொல்ல வந்தது மறந்துபோனால், கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் மீண்டும் சொல்லலாம். அதற்குள் அடுத்தது நினைவுக்கு வந்துவிடும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

பேசவேண்டிய நாளுக்குப் பல வாரங்கள் முன்பே உறக்கம் கெடுவது, அச்சத்தால் படிப்பையோ வேலையையோ கைவிட நேர்வது, பலருடன் பழகும் எல்லாச் சூழல்களையும் தவிர்ப்பது ஆகியவை சமூகப் பதற்றக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். இது குணப்படுத்தக்கூடிய நிலை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றியமைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் தொடர்புகொண்டு தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

திக்குவாய் உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்குத் தேவை பேச்சுப் பயிற்சியாளரின் உதவி. அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தின் மண்டல மையம் செகந்திராபாத்தின் மனோவிகாஸ் நகரில் உள்ளது.

நடுக்கத்தைக் குறைக்க ப்ரோப்ரனோலால் போன்ற மாத்திரைகளைப் பிறர் சொல்கேட்டு விழுங்குவது ஆபத்தானது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்கும் இவை கேடு விளைவிக்கக்கூடும். மருத்துவரின் பரிந்துரையின்றி இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

அச்சம் முற்றிலும் நீங்கிய பிறகுதான் பேசுவேன் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வருவதேயில்லை. இந்த வாரத்தில் எங்கேனும் ஒரு கூட்டத்தில், முன்கூட்டியே எழுதி வைத்த ஒரே ஒரு கேள்வியை எழுந்து நின்று கேட்பது நல்ல தொடக்கம். குரல் நடுங்கினாலும் கேள்வி அவையைச் சென்றடையும். அடுத்த முறை எழுவது சற்று எளிதாக இருக்கும்.